ஜெபர்சனுக்காக வாதாடிய அத்தான்

எங்கள் கத்தோலிக்கப் பங்கில் ஒவ்வொரு வருடமும் மார்கழியில், நத்தார்த் திருநாளுக்கு முன்னால் ஒரு வழக்காடு மன்றம் நடக்கும். பெரிய மனிதர் ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவோம். ஒருவர் குற்றம் சாட்டுவார், இன்னொருவர் காப்பாற்றப் பார்ப்பார், நடுவர் தீர்ப்புச் சொல்வார், பிறகு எல்லாரும் றோல்ஸ் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம். 2003இல் யாரை ஏற்றுவது என்பதில் பெரிய இழுபறி. இலங்கையில் போர்நிறுத்தம், சமாதான காலம், சண்டை எல்லாம் இங்கே மொன்றியலில்தான். எங்கள் தலைவர்களில் யாரைத் தொட்டாலும் மண்டபத்துக் கதிரைகள் பறக்கும் என்பது பாதருக்குத் தெரியும். "செத்து நிறையக் காலமான, எங்கட சனத்தில ஒருத்தருக்கும் சொந்தமில்லாத ஆளாப் பாருங்கோ" என்றார்.

அப்படித்தான் தோமஸ் ஜெபர்சன் அகப்பட்டார். அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி. எல்லா மனிதரும் சமமாகவே படைக்கப்பட்டார்கள் என்று எழுதியவர். எழுதியவரே வாழ்நாளில் அறுநூறுக்கு மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தார். இந்த மனிதரால் எங்களுக்குள் ஒரு பிரச்சினையும் வராது என்று பாதர் நம்பினார். பாவம் பாதர்.

ஜெபர்சனுக்காக வாதாட முன்வந்தவர் என் அத்தான் அருமைராசா. என் பெரியம்மாவின் மகள் திரேசம்மா அக்காவின் புருஷன். யாழ்ப்பாணத்தில் பெயர்போன சட்டத்தரணி. நான் அதே நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்தேன். அவர் வாயிலிருந்து விழுந்த சொல்லையெல்லாம் எழுதியவள் என்பதால், அக்காவுக்குத் தெரியாத அத்தானையும் எனக்குத் தெரியும். ஆள் படு கெட்டிக்காரர். ஆனால் சபை வாய்பிளக்கும் வசனம் ஒன்று நாக்கில் வந்துவிட்டால் கட்சிக்காரனை மறந்துவிடுவார். ஒரு காணி வழக்கில் எதிர்த்தரப்பு விதவையைப் பற்றி அப்படி ஒரு வசனம் வந்தது. சொல்லாமல் விட மனம் வரவில்லை. சொன்னார், நீதிபதியே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், காணி விதவைக்குப் போனது.

இங்கே வந்தபின் அவர் காப்புறுதி விற்கிறார். நான் புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் பெட்டிகளுக்கு விலாசம் ஒட்டுகிறேன். வருடத்தில் ஒருநாள், அந்த மேடையில் மட்டும், அவர் மறுபடியும் சட்டத்தரணி.

பியர்பொன்ட்ஸில் இருக்கும் அவர் வீட்டில் சிசிலி என்று ஒரு பெண் இருந்தாள். அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பிள்ளை. சின்ன வயதில் யாழ்ப்பாணத்து வீட்டுக்கு வேலைக்கென்று கொண்டுவரப்பட்டவள். அத்தான் குடும்பம் கனடாவுக்கு வந்தபோது அவளையும் கூட்டிவந்தார்கள். பத்திரங்களில் அவள் வளர்ப்பு மகள். அதுவரை அத்தானை 'ஐயா' என்றவளுக்கு, விமானத்தில் வைத்தே 'மாமா' என்று கூப்பிடப் பழக்கினாள் அக்கா. அப்போது சிசிலிக்குப் பதினான்கு வயது.

சட்டத்துக்குப் பயந்து பதினாறு வயதுவரை பள்ளிக்கூடம் விட்டார்கள். அந்த இரண்டு வருடத்தில் பிரெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். மின்சாரக்காரனோடு சண்டை பிடிப்பதும் அவள்தான், பிள்ளைகளின் ஆசிரியரோடு கதைப்பதும் அவள்தான். பதினாறுக்குப் பிறகு சமையல், உடுப்புத் தோய்ச்சல், அன்டனையும் றொசானாவையும் வளர்த்தது எல்லாம் அவள் தலையில். அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை, நத்தாருக்குப் புதுச்சட்டை உண்டு. படுக்கை நிலவறையில், தோய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில். மகளுக்கு யாராவது சம்பளம் கொடுப்பார்களா என்று அக்கா கேட்பாள். மகள் என்றால் ஏன் எல்லாரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடுகிறாள் என்று நான் கேட்பேன். பேச்சு அத்தோடு முறிந்துவிடும்.

அந்த வருடம் ஊரில் அத்தானின் தாய் படுக்கையில் விழுந்துவிட்டா. சண்டை நின்று யாழ்ப்பாணப் பாதை திறந்திருந்தது, போக வர வசதி. யாரை அனுப்புவது என்று அந்த வீட்டில் யோசிக்கவே இல்லை. சிசிலிக்கு ரிக்கற் போட்டார்கள். வழக்காடு மன்றம் ஞாயிற்றுக்கிழமை, பயணம் மறுநாள் திங்கட்கிழமை. "ஆறே ஆறு மாசம்" என்றார் அத்தான்.

சிசிலி தானாகவே விண்ணப்பித்து, தானாகவே பரீட்சை எழுதி, தை மாதம் தொடங்கும் வகுப்பு ஒன்றில் இடம் எடுத்திருந்தாள். கார்தெரி எனப்படும் காப்பகத்தில் குழந்தைகளைப் பார்க்கும் வேலைக்கான படிப்பு. திரும்பி வந்தபிறகு தானே செலவழித்துப் படிப்பிப்பதாகவும், விரும்பியவனுக்குக் கட்டிவைப்பதாகவும் அத்தான் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

படுக்கையில் கிடக்கும் மனுசி ஆறு மாதமும் கிடக்கலாம், ஆறு வருடமும் கிடக்கலாம். சிசிலி இந்த நாட்டின் நிரந்தர வதிவாளர். போகமாட்டேன் என்று அவள் சொன்னால் யாராலும் அவளை விமானத்தில் ஏற்ற முடியாது. ஆனால் போய் வருடக்கணக்கில் அங்கே இருந்துவிட்டால் அந்த உரிமை கரைந்துவிடும். இது அத்தானுக்குத் தெரியாதா? சட்டம் படித்த மனுசன்.

அவர் வீட்டுக் குசினியில் வைத்துக் கேட்டேன். "அத்தான், போக விருப்பமோ எண்டு அவளை ஒருக்கா எண்டாலும் கேட்டனீங்களே?"

"அக்னெஸ், இது எங்கட வீட்டு விசயம்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

சிசிலியிடமே போனேன். ஒருவரும் உன்னைக் கட்டாயப்படுத்த முடியாது, மாட்டன் என்று சொல்லு என்றேன். அவள் நிலத்தைப் பார்த்தாள். "எப்பிடிச் சொல்லுறது அன்ரி? சோறு போட்டவை."

அதற்கு மேல் நான் என்ன சொல்வது? சட்டம் தெரியாதவளாக இருந்தால் விளங்கப்படுத்தலாம். அவளைக் கட்டியிருந்தது சட்டம் இல்லை.

அத்தானுக்கு ஒரு பழக்கம். ஆள் முன்னால் இல்லாமல் ஒத்திகை வராது. அக்கா சீரியலை விட்டு எழும்பமாட்டாள், பிள்ளைகளுக்குத் தமிழ் விளங்காது. மிஞ்சியது நிலவறையும் சிசிலியும். அவள் உடுப்பு மடித்துக்கொண்டிருக்க, அவர் முன்னும் பின்னும் நடந்து ஜெபர்சனைக் காப்பாற்றினார். நான் ஒருநாள் அக்காவுக்கு மீன் கொண்டுபோனபோது அந்தச் சத்தம் கேட்டு இறங்கிப் போனேன்.

"சாலி ஹெமிங்ஸ்" என்று அவர் முழங்கிக்கொண்டிருந்தார். "ஜெபர்சன் வீட்டு அடிமைப் பெட்டை. அவர் பாரிசில தூதுவரா இருக்கேக்கை, மகளுக்குத் துணையா அங்க போனவள். ஜெபர்சனுக்கும் அவளுக்கும் பிள்ளைகள் பிறந்தது எண்டு மரபணுச் சோதனையெல்லாம் செய்து இப்ப எழுதுகினம். எதிர்ப்பக்கம் கட்டாயம் இதைத்தான் தூக்கும். வரட்டும்!"

"எத்தினை வயசு மாமா அவவுக்கு?" என்று சிசிலி கேட்டாள்.

"போகேக்கை பதினாலு. திரும்பேக்கை பதினாறு."

"அங்கயும் அடிமைதானோ?"

"இல்லை. பிரான்சில சட்டம் வேற. அவள் போய்க் கேட்டிருந்தால் விடுதலை கிடைச்சிருக்கும்."

"அப்ப ஏன் திரும்பிப் போனவ?"

அத்தானின் முகம் மலர்ந்தது. "அங்கதான் என்ரை வாதமே நிக்குது! முதல் அவள் மாட்டன் எண்டுதான் சொன்னவளாம். அவளின்ரை மகன் பிற்காலத்தில சொல்லியிருக்கிறான். ஜெபர்சன் வாக்குக் குடுத்தார். உன்னை நல்லாய் வைச்சிருப்பன், உனக்குப் பிறக்கிற பிள்ளையளை இருபத்தொரு வயசில விடுதலை செய்வன் எண்டு. அந்த வாக்கைக் காப்பாத்தினவர். வாக்குத் தவறாத மனுசன்!"

சிசிலி மடித்து வைத்த சட்டை ஒன்றை எடுத்து விரித்து மறுபடியும் மடித்தாள். யாரிடம் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அத்தானின் மண்டையில் ஒரு துளியும் ஏறவில்லை. இரண்டு கிழமை ஒவ்வொரு நாளும் இதையே சொன்னார். திருத்தித் திருத்திச் சொன்னார். எனக்கு அவர் தலையைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது.

ஞாயிறு மத்தியானம் மண்டபத்தில் சனம் நிரம்பி வழிந்தது. லவாலில் இருந்துகூட வந்திருந்தார்கள். நடுவராக வரவேண்டிய பேராசிரியர் ரொறன்ரோவில் இருந்து வரும் வீதியில் உறைபனிக்குள் மாட்டுப்பட்டு நின்றார். பாதர் நேரே என்னிடம் வந்தார். "அக்னெஸ், நீங்கள்தான் கோட்டில நீதிபதிக்குப் பக்கத்தில இருந்தனீங்கள். ஏறுங்கோ."

அத்தான் சிரித்தார். "இவ்வளவு காலமும் எழுதினது காணாதெண்டு தீர்ப்பும் சொல்லப்போறியோ?"

"சொல்லுவம் அத்தான்" என்றேன். அந்தக் கணத்தில் எனக்கு ஒரு திட்டமும் இல்லை. தேநீர் கொடுக்கும் யன்னலுக்குப் பின்னால் சிசிலி கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருப்பது மேடையில் இருந்து தெரிந்தது. நாளைக்கு இந்த நேரம் அவள் விமான நிலையத்தில் இருப்பாள் என்ற நினைப்பு வந்தது.

குற்றம் சாட்டியவன் நிர்மலன். மட்டக்களப்புப் பொடியன், பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படிக்கிறவன். நல்லாகப் படித்துத்தான் வந்திருந்தான். அறுநூறு பேரில் உயிரோடு இருக்கும்போது விடுவித்தது இரண்டு பேரை, மரணசாசனத்தில் ஐந்து பேரை, அவர் செத்தபிறகு நூற்றிமுப்பது பேர் கடனுக்காக ஏலத்தில் போனது என்று அடுக்கினான். சாலியையும் தூக்கினான். ஆனால் தாளைப் பார்த்து வாசித்தான். சனம் கைக்குழந்தைகளை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு கேட்டது.

பிறகு அத்தான் எழும்பினார். தாள் இல்லை. "ஒரு மனிதனை அவன் வாழ்ந்த காலத்தின் விளக்கில் வைத்துப் பாருங்கள்" என்று தொடங்கினார். ஜெபர்சன் எழுதிய அந்த வசனம் இல்லாவிட்டால் அடிமைகள் எந்த வசனத்தைக் காட்டி விடுதலை கேட்டிருப்பார்கள் என்றார். ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளை இறக்குவதைத் தடைசெய்த சட்டத்தில் கையெழுத்து வைத்தது யார் என்றார். அகதிகளாக வந்து இறங்கிய நாங்கள் நீட்டியதும் அதே சமத்துவத்தின் பெயரால் எழுதப்பட்ட சட்டத்தைத்தானே என்றார். கடைசியாகச் சாலிக்கு வந்து, கொடுத்த வாக்கைக் காப்பாற்றிய கதையை அவர் சொன்னபோது முன்வரிசையில் நீக்கிலாப்பிள்ளை வாத்தியார் கண்ணைத் துடைத்தார். மண்டபம் அவர் கையில் இருந்தது. இப்போதே கைதூக்கச் சொன்னால் ஜெபர்சனைப் புனிதராக்கியிருப்பார்கள்.

எங்கள் மன்றத்தில் தீர்ப்புக்கு முன்னால் நடுவர் ஒரேயொரு கேள்வி கேட்கலாம். வழக்கமாக எல்லா நடுவர்களும் பகிடியாக ஒன்றைக் கேட்டுச் சனத்தைச் சிரிக்கவைப்பார்கள். எனக்கு அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. குரலில் ஒரு பிசகு காட்டினாலும் அத்தான் மோப்பம் பிடித்துவிடுவார். பழைய நீதிமன்ற ஆள்.

"ஜெபர்சன் தரப்புச் சட்டத்தரணி அவர்களிடம் ஒரு கேள்வி" என்றேன். "பாரிசில் அந்தப் பெண் வாக்குறுதியையும் ஏற்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். எனக்கு உங்கள் வாக்கு வேண்டாம், நான் வரவில்லை என்று உறுதியாக நின்றிருந்தால், உங்கள் கட்சிக்காரர் என்ன செய்திருப்பார்?"

அத்தான் ஒரு நொடி என்னைப் பார்த்தார். சட்டத்தரணி என்றால், நடக்காத ஒன்றுக்குப் பதில் சொல்ல முடியாது என்று தட்டிவிடவேண்டிய கேள்வி. அவருக்கு அது தெரியும். ஆனால் முந்நூறு முகங்கள் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன. வசனம் ஒன்று அவர் நாக்குக்கு வந்து சேர்ந்ததை நான் கண்ணால் கண்டேன்.

"கனம் நடுவர் அவர்களே!" என்றார். "என் கட்சிக்காரர் பெரிய மனிதர். பெரிய மனிதன் வரமாட்டேன் என்பவளை இழுத்துப் போகமாட்டான். 'மகளே, என் வீட்டில் உண்ட சோற்றுக்கு நீ செய்த வேலையே போதும், நீ எனக்கு ஒரு கடனும் படவில்லை, உன் வழியே நீ போ' என்று சொல்லி, வாசல் கதவைத் தன் கையாலேயே திறந்துவிட்டிருப்பார்!"

மண்டபம் அதிர்ந்தது. பின்வரிசைப் பொடியன்கள் விசில் அடித்தார்கள். நான் யன்னல் பக்கம் பார்த்தேன். சிசிலி கையில் கேத்திலோடு அசையாமல் நின்றாள்.

"தீர்ப்பு தேநீர் இடைவேளைக்குப் பிறகு" என்று அறிவித்துவிட்டு மேடையால் இறங்கினேன். சொல்லவேண்டியதை அவர் சொல்லிவிட்டார். இனி அவள் வாய் திறக்காவிட்டால் ஒன்றும் இல்லை.

அத்தானைச் சுற்றி ஒரே கூட்டம். கைகுலுக்கல். அவர் கூட்டத்தோடு யன்னலடிக்கு வந்தார். பக்கத்தில் திரேசம்மா அக்கா, பெருமை தாங்காத முகத்தோடு. சிசிலி கோப்பையை நீட்டினாள். அவர் வாங்கினார். அவள் பிடியை விடவில்லை.

"மாமா, நான் போகல."

அத்தனை வருட யாழ்ப்பாணப் பேச்சுக்கும் பிறகு அவள் வாயில் அட்டன் பேச்சுத்தான் வந்தது. அத்தானுக்கு முதலில் விளங்கவில்லை. "எங்க?"

"நாளைக்கு. ஊருக்கு. நான் போகல."

கைகுலுக்க நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். அத்தானின் முகம் வெளிறி, பிறகு சிவந்தது. "இது கதைக்கிற இடமே? வீட்டை போய்ப் பேசுவம்."

"வீட்டுல பேசினா நான் சரின்னுடுவேன்" என்றாள் சிசிலி. "கடனில்லைன்னு நீங்கதான் சொன்னீங்க."

"அது ஜெபர்சனுக்கெடி!" என்று வெடித்தாள் அக்கா. "சோறு போட்டு, பள்ளிக்கூடம் விட்டு, கனடாவுக்குக் கொண்டுவந்த எங்களுக்கு நீ செய்யிற நன்றியே இது? போகேலாது எண்டால் இண்டைக்கே வீட்டை விட்டு வெளிக்கிடு. எங்க போறாய் எண்டு பாப்பம்!"

"என்ரை வீட்டை" என்றேன் நான். நடுவர் இடையில் கதைக்கக்கூடாதுதான். "அறை ஒண்டு சும்மாதான் கிடக்கு."

அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். மேடையில் நான் ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டேன் என்று அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டது. அவ்வளவு கோபத்தோடு அவர் என்னை ஒருநாளும் பார்த்ததில்லை. பிறகு சிசிலியிடம் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "ஆர் உனக்கு இதெல்லாம் சொல்லித்தந்தது? இவளே?"

"இல்ல மாமா. நீங்கதான். ரெண்டு கிழமையா."

அத்தான் பேச்சில்லாமல் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அக்கா அவர் கையைப் பிடித்து ஆட்டினாள். "ஏன் பேசாமல் நிக்கிறியள்? அப்ப மாமியை ஆர் பாக்கிறது?"

பாதர் மணியை அடித்தார்.

மேடையில் ஏறி உட்கார்ந்தபோது என் கோபம் எல்லாம் வடிந்து, மிஞ்சியது பயம் மட்டும்தான். அவள் சொல்லிவிட்டாள். ஆனால் அவளுடைய கடவுச்சீட்டும் பத்திரங்களும் அவர் மேசைக்குள் இருந்தன. அவர் பிடிவாதம் பிடித்தால் பொலிஸ், நீதிமன்றம் என்று இழுபடும். சிசிலி அந்த இழுவையைத் தாங்குவாளா என்று எனக்குத் தெரியவில்லை.

தீர்ப்பைச் சொன்னேன். "ஜெபர்சன் எழுதிய வசனம் நல்ல வசனம். அதைத் தள்ளுபடி செய்ய இந்த மன்றத்துக்கு அதிகாரம் இல்லை. காலத்தை வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன். அதே காலத்தில், அதே பாரிசில், அவளை விடுவிக்கும் சட்டம் இருந்தது. அது அவருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே, அவளுக்குக் கிடைக்கக்கூடிய ஒன்றைக் கைவிடவைக்க வாக்குக் கொடுத்தார். வாக்கைக் காப்பாற்றினார், உண்மைதான். அவளைப் போகவிட்டிருந்தால் அந்த வாக்கே தேவைப்பட்டிராது. ஜெபர்சன் தரப்புச் சட்டத்தரணி சொன்ன பெரிய மனிதர் கதவைத் திறந்துவிட்டிருப்பார். இந்த மனிதர் திறக்கவில்லை. ஆகவே குற்றவாளி."

சனம் முணுமுணுத்தது. நீக்கிலாப்பிள்ளை வாத்தியார் தலையை இல்லை இல்லை என்று ஆட்டினார். தோற்ற தரப்பு ஒலிவாங்கிக்கு வந்து, தீர்ப்பை ஏற்றுக்கொள்கிறேன் என்று ஒரு வசனம் சொல்லவேண்டும் என்பது எங்கள் முறை. அத்தான் எழும்பினார். நடந்து வர நிறைய நேரம் எடுத்தார்.

வந்து நின்றவர் சனத்தைப் பார்த்தார். பிறகு தேநீர் யன்னலைப் பார்த்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"கனம் நடுவர் அவர்களே" என்று மேடைக் குரலில் தொடங்கினார். அந்தக் குரல் அதற்கு மேல் போகவில்லை. ஒலிவாங்கியைக் கையால் பிடித்துக்கொண்டு, வீட்டில் கதைப்பதைப் போலச் சொன்னார்.

"அம்மாவைப் பாக்க நான்தான் போகவேணும்."

மண்டபம் முழித்தது. பின்னால் யாரோ இது ஜெபர்சனின் கடைசி வார்த்தையாக்கும் என்று நினைத்துக் கைதட்ட, பக்கத்தில் இருந்தவர்களும் தட்டினார்கள். அது வரிசை வரிசையாக முன்னுக்கு வந்து முந்நூறு பேரும் தட்டினார்கள். அத்தான் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போய், அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மனம் மாறித்தான் சொன்னாரா, அத்தனை பேர் முன்னால் வேறு வழியில்லாமல் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

நான் யன்னலடிக்கு ஓடினேன். சிசிலி கோப்பைகளுக்கு நடுவில் நின்று அழுதுகொண்டிருந்தாள். அவளைக் கட்டிப்பிடித்ததும் எனக்கும் அழுகை வந்துவிட்டது. பிறகு அவள் திடீரென்று விலகி மூக்கைத் துடைத்தாள்.

"அன்ரி, ஆச்சிக்குக் கஞ்சியில உப்பு இருந்தா வாயிலயே வைக்கமாட்டாங்க. சாமத்துல பயப்படுவாங்க, லைற்ற நிப்பாட்டக்கூடாது. மாமாவுக்கு இதொண்டும் தெரியாது. நான் போய்ச் சொல்லிட்டு வரட்டா?"

அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"நில்லு. அந்த மனுசிக்கு அவர்தான் மகன். கேட்டுத் தெரிஞ்சுகொள்ளட்டும்."